நோரீன் பக்கத்துச் சுவர்

என் புருஷன் கிளிஃபுக்கு மூச்சு முட்டிய அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், பொதுச்சுவரைப் பத்து நிமிடம் விடாமல் தட்டினேன். பக்கத்து வீட்டு நோரீன் வரவில்லை. அவள் கார் வாசலில்தான் நின்றது. அவளும் உள்ளேதான் இருந்தாள். முப்பத்தொரு வருஷச் சிநேகிதி இப்படிக் கழுத்தறுப்பாள் என்று யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால் சொன்னவர் வாயைக் கிழித்திருப்பேன்.

எங்கள் ஆல்மா தெருவில் நாற்பது வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. பஞ்சாலைக்காரர்களுக்காக எந்தக் காலத்திலோ கட்டியவை. மலையிலிருந்து இறங்கும் காற்று முன்கதவின் இடுக்கில் நுழைந்து, மாடிப்படி ஏறி, கூரை ஓட்டு வழியாக வெளியே போகும். நாங்கள் அதன் வழியில் குடியிருக்கிறோம், அவ்வளவுதான். இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே ஒரு செங்கல் சுவர். அந்தச் சுவர்தான் எங்களுக்கு டெலிபோன். இரண்டு தட்டு என்றால் டீ தயார், வா. மூன்று தட்டு என்றால் பத்திரமாக வீடு வந்து சேர்ந்துவிட்டேன். நிறுத்தாமல் தட்டினால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வா.

அந்த நிறுத்தாத தட்டை நாங்கள் இரண்டு முறைதான் தட்டியிருக்கிறோம். முதல் முறை நான். இந்த வீட்டுக்கு வந்த முதல் குளிர்காலம், பிரசவ வலி ஒரு வாரம் முந்தி வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த நோரீன் முழங்கை வரை மாவோடு ஓடி வந்தாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் என் மகள் ஜோவான் அந்த மாவுக் கையில் பிறந்துவிட்டாள். இரண்டாவது முறை நோரீன் தட்டினாள், அவள் புருஷன் வால்டர் குளியல் தொட்டியில் சரிந்தபோது. நானும் கிளிஃபும் போய்த் தூக்கினோம். அவர் பிழைக்கவில்லை. ஆனால் நாங்கள் போனோம். அதுதான் கணக்கு. டீக்குத் தட்டினால் வராமல் இருக்கலாம், வீம்பு பிடிக்கலாம். அந்தத் தட்டுக்கு வராமல் இருக்க முடியாது.

இனி பாய்லர் விஷயம். மறைத்துப் புண்ணியமில்லை.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால், வீடு முழுக்கச் சூடேற்றும் எங்கள் பாய்லர் செத்துப்போனது. பார்க்க வந்தவன் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, இறந்தவருக்குத் துணி போர்த்துவதைப் போல மூடிவிட்டு, "புதுசுதான் வாங்கணும்" என்றான். கிளிஃபுக்கு நுரையீரல் கெட்டு வேலையை விட்டிருந்த சமயம். பள்ளிக்கூடச் சமையலறையில் எனக்குக் கிடைப்பதில் புது பாய்லர் நடக்காது. வசந்தம் வரட்டும் என்றேன். வசந்தமும் வந்தது, போனது.

நோரீன் கேட்டாள். "பாய்லர் சரியாச்சாடி?"

"ஆச்சு, ஆச்சு. ஏதோ ஒரு வால்வுதான்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? நோரீனுக்கு நல்ல மனசு. அந்த நல்ல மனசைத் தாங்குவதுதான் எனக்குக் கஷ்டம். உண்மையைச் சொல்லியிருந்தால் மறுநாளே நாலு பேருக்குப் போன் போட்டிருப்பாள், மாதா கோவிலில் உண்டியல் வைத்திருப்பாள், தெருவே எனக்காக உச்சுக் கொட்டியிருக்கும். அதைவிடக் குளிரே மேல் என்று இருந்துவிட்டேன்.

அந்தக் குளிரிலும் எங்களுக்கு ஒரு நல்ல காலம் இருந்தது. எங்கள் மாடிப் படுக்கையறையின் பொதுச்சுவர் சூடாக இருக்கும். நோரீனுக்குக் குளிரே ஆகாது; காலையிலிருந்து ஹீட்டிங் ஓடும். அறைக்குச் சூடு தரும் அவளுடைய ரேடியேட்டர் சரியாக அந்தச் சுவரின் அந்தப் பக்கத்தில் இருந்தது. கிளிஃபின் கட்டிலை அந்தச் சுவரோடு ஒட்டிப் போட்டேன். அவன் பனியனை மெத்தைக்கும் சுவருக்கும் நடுவே செருகி வைத்தால் காலையில் வெதுவெதுப்பாக இருக்கும். அது அவளுடைய சூடு என்று எங்களுக்குத் தெரியும். "நோரீன் சமைக்கிறா, நாம வாசம் பிடிக்கிறோம்" என்று கிளிஃப் சொல்வான். இருவரும் சிரிப்போம். இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன். நினைக்க எனக்கு வசதியாக இருந்தது.

போன நவம்பரில் நோரீன் தன் வீட்டை முழுக்கச் சரிபண்ணினாள். வாசலில் வேன் நின்றது. நான் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும்போதெல்லாம் பெரிய பெரிய பலகைகளும் பஞ்சுச் சுருள்களும் உள்ளே போய்க்கொண்டிருந்தன. தூசி ஆகாது என்று நோரீன் அந்த ஒரு வாரம் கடற்கரையில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். திரும்பி வந்ததும் தெருவில் என்னைப் பார்த்தாள்.

"வந்து பாரேன்டி. மாடில வெறும் சட்டையோட நிக்கலாம்."

"வரேன், வரேன்" என்றேன். போகவில்லை. எனக்குப் பொறாமை. அந்தச் சூட்டுக்குள் போய் நின்று, வாய் நிறையப் புகழ்ந்துவிட்டு, திரும்பி இந்த ஐஸ் பெட்டிக்குள் வர எனக்குத் தெம்பில்லை. போய்ப் பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அதற்கப்புறம்தான் சுவர் மாறியது. ஒரு நாள் கை வைத்துப் பார்த்தேன், சந்தேகமாக இருந்தது.

"கிளிஃப், சுவர் ஆறிப்போச்சா?"

அவன் போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டிச் சுவரில் வைத்தான். "இருக்கு, இருக்கு. உன் கை வெளில இருந்து வந்தது, உனக்குத் தெரியாது."

வெளியிலிருந்து வரும் கைக்கு எது சூடு எது குளிர் என்று தெரியாதுதான். நம்பினேன்.

டீத் தட்டும் நின்றுபோனது. நாலு மணிக்கு வரவேண்டிய இரண்டு தட்டு ஒரு வாரம் வரவில்லை. ஒரு வியாழக்கிழமை நானே தட்டினேன். பதில் இல்லை. ஜன்னல் வழியே பார்த்தால் அவள் கார் நிற்கிறது. வீடு புதுசானதும் பவிசு வந்துவிட்டது, பழைய சிநேகிதம் பல்லிளிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். தெருவில் பார்த்தபோது, "கிளிஃப் எப்படி இருக்கான்?" என்று கேட்டு, ஏதோ நான் சொல்லவேண்டியது பாக்கி இருப்பது மாதிரி என் முகத்தையே பார்த்தாள். "நல்லா இருக்கான்" என்று சொல்லி நடந்தேன். அவளும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். கிறிஸ்துமஸுக்கு அவள் செய்யும் இஞ்சி கேக் மட்டும் எப்போதும் போல வாசலில் இருந்தது. பிரிக்காமலே அலமாரியில் போட்டேன்.

ஜனவரி இரண்டாம் ஞாயிறு. மதியச் சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். மாடியில் தொப்பென்று சத்தம். ஓடினேன். கிளிஃப் கட்டிலிலிருந்து சரிந்து, சுவரோரம் தரையில் கிடந்தான். உதடு நீலமாகிவிட்டது. மூச்சை உள்ளே இழுக்க இழுக்கக் கழுத்து எலும்பு குழிந்தது. அறை அவ்வளவு குளிர், என் வாயிலிருந்தும் அவன் வாயிலிருந்தும் புகை வந்தது. அவனுடையது நின்று நின்று வந்தது.

இப்படி ஆனால் படுக்கவிடாதே, நிமிர்த்தி உட்காரவை என்று நோரீன்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள். அவன் பின்னால் உட்கார்ந்து, அவன் முதுகை என் நெஞ்சில் சாய்த்து நிமிர்த்தினேன். விட்டால் சரிந்துவிடுவான். போன் கீழே சமையலறையில் சார்ஜில் இருந்தது. இன்ஹேலரை அவன் வாயில் வைத்து இரண்டு முறை அழுத்தினேன். கேட்கவில்லை. என் ஷூவைக் கழற்றி, அதன் குதிகாலால் சுவரை இடிக்க ஆரம்பித்தேன்.

"இதோ வந்துடுவா. நோரீன் வந்துடுவா. அவ பாத்துக்குவா."

தட்டினேன். கிளிஃப் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினான். அவன் கை எழுந்து கட்டிலோரத்து மேஜைப் பக்கம் நீண்டது.

"மருந்து என்கிட்டதான் இருக்கு, கண்ணு. ஆடாம இரு. மூச்சை வீணாக்காதே." அவன் கையைப் பிடித்து மடியில் அமர்த்தினேன். மறுபடி தூக்கினான். மறுபடி அமர்த்தினேன். மூன்றாவது முறை அமர்த்தியபோது அந்தக் கையில் பலம் இல்லை. சுவரின் பூச்சு உதிர்ந்து அவன் தலைமுடியில் விழுந்தது. முதல் நிமிடம் அவள் படியிறங்கிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன். மூன்றாவது நிமிடம் செருப்பைத் தேடுகிறாள் என்று நினைத்தேன். பத்தாவது நிமிடம் எனக்குப் புரிந்துவிட்டது. கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள் என்று புரிந்துவிட்டது.

தலையணைகளை அவன் முதுகுக்குக் கொடுத்துவிட்டுக் கீழே ஓடிப் போன் செய்தேன். ஆம்புலன்ஸ் வந்தது. ஸ்ட்ரெச்சரை வேனில் ஏற்றும்போது நோரீன் ஏப்ரனோடு தெருவுக்கு ஓடி வந்தாள்.

"பெவ்! என்னடி ஆச்சு? ஏன் என்னைக் கூப்பிடல?"

ஏன் கூப்பிடல என்று கேட்டாள்! என் கையில் ஷூ அப்படியே இருந்தது. அதை அவள் மூஞ்சியில் எறியாமல் வேனில் ஏறியதுதான் நான் வாழ்க்கையில் காட்டிய பெரிய பொறுமை.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து துணி எடுக்க வந்தேன். கிளிஃப் பிழைத்துவிட்டான், ஆனால் முகத்தில் இறுக்கமான மாஸ்க், பேச்சில்லை. வாசலில் சாவியை நுழைக்கும்போதே நோரீன் வந்துவிட்டாள்.

"பெவ், நான் சொல்றதைக் கேளு. எனக்குக் கேக்கல. சத்தியமா கேக்கல. கீழயும் மேலயும் அந்தச் சுவர் பூராவும் பலகை அடிச்சாச்சு. உள்ள சூடு போகாம நாலு அங்குலம் இன்சுலேஷன் பஞ்சு. ரேடியேட்டரை ஜன்னலுக்கடில மாத்தியாச்சு."

நுழைத்த சாவியைத் திருப்பாமல் அவள் பக்கம் திரும்பினேன்.

"எந்தச் சுவர்?"

"நம்ம சுவர்தான்."

"நம்ம சுவரையா மூடினே? எனக்கும் உனக்கும் நடுவுல இருக்கிற சுவரை? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம?"

"சொல்லாமயா? அடியே, உனக்குத் தெரியும்னு..." அவள் நிறுத்திக்கொண்டாள். முகம் சிவந்தது. "நீ மட்டும் எல்லாத்தையும் சொன்னியா? சூட்டைப் படம் பிடிக்கிற கேமராவோட வந்தவன் அந்தச் சுவரைப் பாத்துட்டு என்ன கேட்டான் தெரியுமா? பக்கத்து வீடு காலியா, யாரும் குடியில்லையான்னு கேட்டான். ரேடியேட்டர் இருக்கிற இடம் தவிர மத்ததெல்லாம் வெளிச்சுவர் மாதிரி சில்லுனு இருக்குன்னான். நீ என்கிட்ட வால்வுன்னு சொன்னே."

"ஓ! உன் சூட்டைத் திருடினேனா? அதுக்குத்தான் அடைச்சியா?"

"நான் அப்படிச் சொல்லல. கிளிஃபைக் கேளு."

"அவன் மூஞ்சில மாஸ்க் மாட்டியிருக்கு. உனக்கு வெக்கமா இல்ல? அவன் பேச முடியாதுன்னு தெரிஞ்சே அவனைக் கேளுங்கிறே."

"கிளிஃப் வரட்டும். அவனைக் கேளு. நான் வேற எதுவும் சொல்லமாட்டேன்."

கதவை அவள் முகத்தில் சாத்தினேன். மாடிக்குப் போய் அந்தச் சுவரில் இரண்டு கையையும் வைத்தேன். நன்றாக உணர்ந்து பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. இரண்டு மாதமாகவே இப்படித்தான் இருந்திருக்கிறது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். கிளிஃபுக்காக அழுதேனா, நோரீனுக்காக அழுதேனா, இப்போதும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ், வீட்டில் ஹீட்டிங் உண்டா என்று கேட்டாள். பொய் சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. அந்த வீட்டுக்கு அவரை அனுப்பமுடியாது என்று சொல்லிவிட்டாள். அவளே எங்கேயோ பேசினாள். நோயாளி உள்ள வீடு என்று உதவித் திட்டம் ஒன்றில் எங்களை முன்னால் சேர்த்துவிட்டார்கள். இரண்டு வருஷம் எதற்குப் பயந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேனோ, அது ஒரு படிவமும் ஒரு கையெழுத்துமாக முடிந்துவிட்டது. யாரும் உச்சுக் கொட்டவில்லை.

வசீம் என்பவன் ஆட்களோடு வந்தான். நாற்பது வயசிருக்கும், எங்கள் ஊர்க்காரன்தான். அவன் அப்பாவும் கிளிஃபும் ஒரே ஆலையில் இரவு ஷிப்ட் பார்த்தவர்கள். மூன்று நாளில் புது பாய்லர் ஓடியது. கூரைக்கடியில் கணுக்கால் உயரத்துக்குப் பஞ்சு விரித்தார்கள். கதவிடுக்கெல்லாம் பட்டை ஒட்டினார்கள். கடைசியாகப் படுக்கையறை. தெருப்பக்கச் சுவருக்கு உள்ளே பலகை அடிக்கவேண்டும்.

"ஆன்ட்டி, இந்தச் சுவருக்கு ஒண்ணும் வேணாம்" என்று பொதுச்சுவரைத் தட்டினான் வசீம். "அடுத்த வீட்டுல போய் அவங்க பக்கம் பாத்தேன். நல்லாப் பண்ணியிருக்காங்க."

"எனக்கு வேணும். முதல்ல இந்தச் சுவரை அடிங்க."

"அதுல பிரயோஜனமே இல்ல, ஆன்ட்டி. ரூம்தான் சின்னதாகும்."

"ஆகட்டும். அவ மட்டும்தான் மூடுவாளா? எனக்கும் மூடத் தெரியும்."

வசீம் என்னைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான். சண்டை நடந்த வீட்டில் வேலை செய்து பழகியவன் போல. "சரி. மத்தியானத்துக்குள்ள சாமானை எல்லாம் நகர்த்திக் குடுங்க" என்று சொல்லி டீ குடிக்கப் போனான்.

கட்டிலோரத்து மேஜையை நகர்த்தினால் கனத்தது. டிராயரை வெளியே இழுத்துக் கட்டில்மேல் கவிழ்த்தேன். பழைய கண்ணாடி, இருமல் மிட்டாய், ஜோவான் அனுப்பிய போட்டோ. டிராயரில் எல்லாவற்றுக்கும் மேலே, முதலில் கைக்கு வரும் இடத்தில் இருந்ததால், கவிழ்த்தபோது அடியில் போயிருந்தது ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் தீப்பெட்டி அளவில் வெள்ளையாக ஒரு காலிங் பெல் பொத்தான். பின்னால் ஒட்டியிருந்த துண்டுக் காகிதத்தில் நோரீனின் கொட்டை கொட்டையான கையெழுத்து.

"பெவ், இனிமேல் தட்டினால் எனக்குக் கேட்காது. இதை அமுக்கு. டீக்கு இரண்டு, வீடு வந்ததுக்கு மூன்று. அவசரம் என்றால் விடாமல் அமுக்கு, பறந்து வருவேன். நோரீன்."

வசீம் டீக் கோப்பையோடு வந்து எட்டிப் பார்த்தான். "அட, இதோட ஜோடிதான் அடுத்த வீட்டு மாடிப்படில மாட்டியிருக்கு. என்ன மணின்னு கேட்டேன். பக்கத்து வீட்டுக்கு, ஆனா அவ அமுக்கறதே இல்லன்னாங்க."

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கை என் கண்முன்னால் வந்தது. மேஜைப் பக்கம் மூன்று முறை நீண்ட கை. மூன்று முறையும் அதை மடியில் அமர்த்தியது நான்.

பொதுச்சுவரை நாளைக்குப் பார்க்கலாம் என்று வசீமிடம் சொல்லிவிட்டு, அன்று மதியமே ஆஸ்பத்திரிக்குப் போனேன். கிளிஃபுக்கு மாஸ்க் எடுத்து மூக்கில் மெல்லிய குழாய் மட்டும் வைத்திருந்தார்கள். உட்கார்ந்து கஸ்டர்ட் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் போர்வைமேல் அந்தப் பொத்தானை வைத்தேன்.

அவன் அதைப் பார்த்தான். பிறகு ஜன்னலைப் பார்த்தான். ஸ்பூனை மெதுவாகக் கீழே வைத்தான்.

"சொல்லணும்னுதான் இருந்தேன், பெவ்."

"எப்போ? உன் சாவுக்கு வந்தவங்களுக்கு டீ குடுக்கும்போதா?"

"கத்தாதே. பக்கத்துல ஆள் இருக்காங்க."

"கத்தல. இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. சொல்லு."

"கேமராக்காரன் வந்த அன்னிக்கு நோரீன் நம்ம மாடிக்கு வந்துட்டா. உனக்கு ஸ்கூல். நான் கோட்டு, தொப்பியெல்லாம் போட்டு மூணு போர்வைக்குள்ள கெடந்தேன். என்னடா இது கோலம்னா. பாய்லர் செத்து ரெண்டு வருஷமாச்சுன்னு சொல்லிட்டேன்."

"சொல்லிட்டே. யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்னு என்கிட்ட சத்தியம் பண்ணிட்டு, அவகிட்ட சொல்லிட்டே."

"உனக்குத் தெரியவேணாம்னு அவகிட்டயும் சத்தியம் வாங்கிட்டேன். உன் குணம்தான் தெரியுமே. அவளுக்குத் தெரிஞ்சிருச்சுன்னு தெரிஞ்சா நீ அவளையும் விடமாட்டே, என்னையும் விடமாட்டே."

"சுவரை மூடப்போறேன்னு சொன்னாளா?"

"மூடலன்னுதான் சொன்னா. அந்தச் சுவரை மட்டும் விட்டுடறேன், ரேடியேட்டரும் அங்கயே இருக்கட்டும், கிளிஃப், உனக்கு உதவும்னு சொன்னா." அவன் மூச்சு வாங்கக் காத்திருந்தான். "என்னால தாங்க முடியல, பெவ். நமக்காக ஒருத்தி அவ வீட்டைப் பாதில விடறதா? மூடிக்கோன்னேன். டிசம்பர்ல புது பாய்லர் வருதுன்னேன்."

"எந்த பாய்லர்?"

அவன் ஸ்பூனை எடுத்து, மறுபடி கீழே வைத்தான்.

"அப்போ சுவர் ஆறிப்போச்சான்னு நான் கேட்டப்போ? இருக்கு இருக்குன்னியே?"

"இந்தப் பொத்தானை உன்கிட்ட குடுக்கச் சொல்லித்தான் அவ குடுத்தா. குடுத்தா எல்லாம் உனக்குத் தெரிஞ்சிடும். கைக்கெட்ற தூரத்துலதானே இருக்கு, ஏதாவது ஆச்சுன்னா நானே அமுக்கிக்கலாம்னு நெனச்சேன். உன்கிட்ட சொல்லாமலே சமாளிச்சிடலாம்னு."

"பத்து நிமிஷம் தட்டினேன், கிளிஃப். நீ என் மடில கெடந்தே. கேக்காதுன்னு உனக்குத் தெரியும்."

"பேச்சு வரல. டிராயரைத்தான்..." அவன் கை லேசாக எழுந்தது. அன்று எழுந்த அதே மாதிரி. "நீ கையைப் பிடிச்சுக்கிட்டே."

முப்பத்தெட்டு வருஷம் ஒரே கட்டிலில் படுத்தவன். எனக்கு அவனை அறையவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை. என் வீம்பைக் காப்பாற்ற அவன் நோரீனிடம் பொய் சொன்னான், அவன் வீம்பைக் காப்பாற்ற என்னிடம் பொய் சொன்னான். நடுவில் அவள் ஒருத்தி, யாரையும் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டு, என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள். பொத்தானை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீட்டில் வசீமின் ஆட்கள் போய்விட்டிருந்தார்கள். படுக்கையறையில் யாரும் இல்லை, பொதுச்சுவரில் என் ஷூ இடித்த பள்ளங்கள் மட்டும். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் போய் மன்னிப்புக் கேட்க எனக்குக் கால் வரவில்லை. பொத்தானை எடுத்தேன். டீக்கு இரண்டு என்று எழுதியிருந்தாள். இரண்டு முறை அமுக்கினேன்.

ஒரு சத்தமும் இல்லை. அவள் வீட்டில் மணி அடித்ததா, அவள் கேட்டாளா, கேட்டும் உட்கார்ந்திருக்கிறாளா, எதுவும் தெரியவில்லை. சுவரில் காதை வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. நல்ல வேலைதான் செய்திருக்கிறார்கள்.

கீழே கதவு திறந்தது. அவளிடம் எங்கள் வீட்டுச் சாவி எப்போதும் உண்டு. படியில் தடதடவென்று சத்தம். ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் இல்லை.

"கிளிஃபுக்கு என்ன?" என்றாள் மூச்சிரைக்க.

"ஒண்ணுமில்ல. கஸ்டர்ட் சாப்பிடறான். ரெண்டுதானே அமுக்கினேன்?"

"எனக்கு எண்ணத் தோணல." கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் கையிலிருந்த பொத்தானைப் பார்த்தாள். "சொல்லிட்டானா?"

"நானே கண்டுபிடிச்சேன்."

"ரெண்டு மாசம்டி. தினமும் நாலு மணிக்கு அந்த மணியைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். உன் பொய் வெளில வந்ததால நீ என்னை வெட்டிவிட்டுட்டேன்னு நெனச்சேன்."

"டிசம்பர்ல புது பாய்லர்னு சொன்னானாமே."

"சொன்னான். நம்பினேன். அவன் மூஞ்சியைப் பாத்து யார் நம்பாம இருப்பா?"

நாங்கள் கட்டிக்கொள்ளவில்லை. எங்கள் ஊரில் அதெல்லாம் வழக்கமில்லை. அவள் குனிந்து சுவரில் இருந்த பள்ளங்களை விரலால் தடவினாள். ஒவ்வொன்றாகத் தடவினாள். "இவ்வளவா தட்டினே?" என்றாள். பிறகுதான் அழுதாள். நான் கீழே போய், அலமாரியில் பிரிக்காமல் கிடந்த இஞ்சி கேக்கை வெட்டி, டீ போட்டேன். கேக் காய்ந்துபோயிருந்தது. இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

மறுநாள் வசீமிடம் பொதுச்சுவருக்குப் பலகை வேண்டாம் என்றேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை.

வியாழக்கிழமை கிளிஃப் வீட்டுக்கு வந்தான். படுக்கையறையில் வாயிலிருந்து புகை வரவில்லை. ஜன்னலில் தண்ணீர் ஒழுகவில்லை. கட்டிலை இப்போது அறையின் நடுவில் போட்டிருக்கிறேன். அவன் படுத்ததும் பழக்கத்தில் சுவருக்குக் கையை நீட்டினான். எட்டவில்லை.

"சுவர் எப்படி இருக்கு?" என்றான்.

"இருக்கு, இருக்கு" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். பிறகு மேஜையைப் பார்த்து, "அந்தப் பொத்தான் எங்கே?" என்றான்.

"என்கிட்ட இருக்கு."

அவன் கையை நீட்டினான். நான் ஏப்ரன் பையிலிருந்து அதை எடுக்கவில்லை. போர்வையை இழுத்து அவன் தோள்வரை போர்த்தினேன்.

"குளிரலையே?" என்றேன்.

"இல்ல, பெவ். கதகதன்னு இருக்கு."

சொல்லும்போது முகம் அப்படியே இருந்தது, நவம்பரில் சுவரைத் தொட்டு 'இருக்கு, இருக்கு' என்றபோது இருந்த அதே முகம். போர்வையின் அடியில் கையை விட்டு அவன் பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன். சூடாகத்தான் இருந்தது. இன்னொரு பாதத்தையும் தொட்டுப் பார்த்தேன்.